நான் எடுத்துவிட்ட பாட்டுகள்

என் வீட்டுக்காரர் பாடப் போகிற இடத்துக்கெல்லாம் பத்துப் பாட்டுகளின் பட்டியல் ஒன்று எங்களோடு வரும். எது முதலில், எது நடுவில், எதில் முடிப்பது என்று அவர் சொல்வார். நான் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஆர்மோனியப் பெட்டி மூடியின் உட்புறம் சோற்றுப் பருக்கையால் ஒட்டுவேன். பாட்டின் முதல் அடியைக்கூட எழுதுவதில்லை. விடியல் பாட்டு, தோணிப் பாட்டு, வெள்ளப் பாட்டு, கூப்பிடு பாட்டு என்று எங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்களே போதும். அத்தனையும் அவரே கட்டியவை.

நாங்கள் மூன்று பேர். அவர் பாடுவார், நான் ஆர்மோனியம் வாசிப்பேன், மிருதங்கத்துக்குக் குடியாத்தத்திலிருந்து ஒருவர் வருவார். அவர் நெசவுக்காரர். வாரத்தில் ஐந்து நாள் தறியில் உட்கார்ந்துவிட்டு, சனியும் ஞாயிறும் எங்களோடு ரயிலேறுவார். கிறிஸ்தவர்களான எங்களைக் காட்டி, வேதக்காரர்களோடு சுற்றுகிறான் என்று அவர் தெருவில் பேச்சு இருந்தது. அதை அவர் பொருட்படுத்தியதில்லை. என் வீட்டுக்காரரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார்.

வீட்டுக்காரர் ஆம்பூர்க்காரர். அவர் அப்பா தோல் பதனிடுகிற தோல்ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார்; இவரும் பதினாறு வயதில் அதே குழியில் இறங்கினார். ஊறின தோலை இழுத்து வெளியே போடும்போது ஆட்கள் சேர்ந்து குரல் கொடுப்பார்கள். அந்தக் கூச்சலில் ஒரு குரல் மட்டும் பாட்டாக இருப்பதை எங்கள் சபை உபதேசியார் கேட்டார். அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பம். நான் வேலூரில் மிஷன் போர்டிங்கில் படித்தவள். ஆர்மோனியம் அங்கே கற்றது. கலியாணமான மூன்றாம் மாதமே நாங்கள் இருவரும் ஒரே மேடையில் உட்கார்ந்துவிட்டோம்.

கிறிஸ்மஸ், அறுப்பின் பண்டிகை, கலியாணம் என்று ஆம்பூர், வாணியம்பாடி, காட்பாடி, நாட்றம்பள்ளி வரைக்கும் எங்களைக் கூப்பிட்டார்கள். தோல்ஷாப்பு வாசலிலேயே சில தடவை பாடியிருக்கிறோம். முதலாளி சாயபுமார் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பார்கள்.

பத்துப் பாட்டிலும் ஜனங்கள் அசைந்துபோவது இரண்டுக்கு. ஒன்று வெள்ளப் பாட்டு. பாலாறு கரை உடைத்து ஊருக்குள் புகுந்த வருஷம், அவர் ஆட்களோடு போய்ப் பிணங்களைத் தூக்கி வைத்தவர். தண்ணீரில் நின்று ஒரு தாய் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லித் தேடுவதுதான் பாட்டு. நாலாவது பிள்ளையின் பேருக்குக் குரல் உச்சியில் போய் நிற்கும்.

இன்னொன்று கூப்பிடு பாட்டு. மேடையில் உட்கார்ந்து பாடுவதல்ல அது. ஜனங்களுக்குப் பின்னால் போய் நின்று, ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஆளைக் கூப்பிடுவதுபோல, பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் ஆரம்பிப்பார். பாடிக்கொண்டே நடந்து வருவார். மேடையில் கால் வைக்கும்போது ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பார். நான் அந்தக் கட்டையை அழுத்துவேன். அவர் குரலும் என் பெட்டியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். அத்தனை தூரம் தனியாகப் பாடி வந்தும் ஒரு மயிரிழை விலகாது. அந்த இடத்தில் ஜனங்கள் மூச்சுவிடுவது எனக்குக் கேட்கும்.

ஜெர்மன் சண்டை நடந்த சமயம் அவருக்கு முறைக்காய்ச்சல் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரில் கட்டில் ஆடும். ஆஸ்பத்திரியில் கொய்னா மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் அதைத்தான் விழுங்கினார். காய்ச்சல் போயிற்று.

"காதுக்குள்ள யாரோ தாம்பாளத்தைத் தட்டிட்டு அப்படியே விட்ட மாதிரி இருக்குது" என்றார் ஒருநாள்.

"டாக்டர்கிட்ட சொல்லலாங்க."

"கொய்னா சாப்ட்டா அப்டிதான் இருக்குமாம். போய்டும்."

சில வாரத்தில் போய்விட்டது என்றும் சொன்னார். பக்கத்தில் நின்று பேசினால் பதில் சரியாக வந்தது. இரண்டு தடவைக்கு ஒரு தடவை "இன்னா?" என்று கேட்பார், அவ்வளவுதான். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

காய்ச்சலுக்குப் பிறகு முதல் கச்சேரி ஆம்பூரிலேயே ஒரு கலியாணத்தில். கூப்பிடு பாட்டுக்கு எழுந்து போனார். குரல் முன்னைவிடக் கனமாக இருந்தது. நடந்து வந்தார், மேடையில் கால் வைத்தார், நீட்டினார். நான் கட்டையை அழுத்தினேன். இரண்டு சத்தமும் ஒன்றோடொன்று உரசின. அவர் குரல் கால் சுரம் கீழே நின்றது. மிருதங்கக்காரர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் துருத்தியை விட்டுச் சத்தத்தைக் குறைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னார்: "பெட்டி சுருதி விட்டுடுச்சு, பார்த்தியா. மேல் கட்டையெல்லாம் ஏறிப்போய்க் கேக்குது. வேலூர்ல குடுத்து ரிப்பேர் பண்ணிட்டு வா."

லாங் பஜாரில் ஆர்மோனியம் சரிசெய்கிற ஒருவர் இருந்தார். பெட்டியைத் திறந்து, சத்தம் எழுப்புகிற பித்தளை நாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அரைமணி நேரம் பார்த்துவிட்டு மூடினார்.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. யார் சொன்னாங்க?"

நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். ரயிலில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் கேட்டார், "இன்னா சொன்னான்?"

"ரெண்டு நாக்கு தேஞ்சிருந்துச்சாம். மாத்திட்டாங்க" என்றேன்.

அவர் பெட்டியை இழுத்துவைத்துக் கட்டைகளை அழுத்திப் பார்த்தார். "இப்ப தேவலை" என்றார்.

அன்றைக்கு நான் சொன்னது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. காய்ச்சலில் இளைத்த உடம்பு, நாலு மாதத்தில் தேறிவிடும், அதுவரைக்கும் சமாளிப்போம் என்றுதான் நினைத்தேன். அடுத்த கச்சேரிக்குப் பட்டியல் எழுதும்போது, "அந்த வீட்டுல ஒரு பெரியவர் கெடையா கெடக்கிறாராம். கூப்பிடு பாட்டு சாவு வந்து கூப்பிடற மாதிரி இருக்கும், வேணாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க" என்றேன். அவர் சரி என்று அதை எடுத்துவிட்டு வேறொன்றைச் சொன்னார். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று எனக்கே ஆச்சரியம்.

நாலு மாதம் போயிற்று, ஒரு வருஷமும் போயிற்று. தேறவில்லை. நீட்டிப் பிடிக்கிற இடங்களிலெல்லாம் குரல் விலகியது. சில நாள் கால் சுரம், சில நாள் அரை. ஆனால் அவருக்கு அது சரியாகவே கேட்டது. தான் பாடுவது சரியென்று முழு நம்பிக்கையோடு பாடுகிற ஒருவரிடம் அது சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? குழியிலிருந்து அவரை மேலே ஏற்றியது அந்தக் குரல்தான். அது போய்விட்டது என்று சொல்ல வேறு யாராவது வரட்டும் என்று இருந்தேன். யாரும் வரவில்லை. ஜனங்கள் மரியாதைக்குக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொரு காரணம் கண்டுபிடித்தேன். தோணிப் பாட்டு நீளம் ஜாஸ்தி, குழந்தைகள் தூங்கிவிடுகிறார்கள் என்றேன். விடியல் பாட்டைச் சாயங்காலத்தில் ஏன் பாடுகிறார் என்று குடியாத்தத்தில் கேட்டார்களாம் என்றேன். வெள்ளப் பாட்டுக்குச் சொன்னதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை அரிக்கிறது. "ஆத்தோரத்து ஜனங்களால அதைக் கேக்க முடியலையாம். பழசையெல்லாம் கிளற வேணாம்னு சொல்றாங்க" என்றேன். அவர் பட்டியலை வாங்கி அந்தப் பெயரைத் தானே அடித்தார். பிறகு, "அதுவும் நியாயந்தான்" என்றார்.

மிருதங்கக்காரர் ஒருநாள் காட்பாடி ஸ்டேஷனில், வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கப் போனபோது என்னிடம் வந்தார்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடலாம்."

"நீங்க சொல்றீங்களா?"

 "என்னால முடியாது அண்ணி" என்றார்.

எடுத்த பாட்டுகளின் இடத்தை நிரப்ப வேண்டுமே. அவர் புதிதாகக் கட்ட உட்கார்ந்தார். மிருதங்கத்தின் கனத்த சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்டதால், தன்னை அறியாமலேயே அதன் பக்கம் சாய்ந்தார். துள்ளிக்கொண்டு ஓடுகிற பாட்டுகள், சொல் மேல் சொல் விழுகிற பாட்டுகள். நீட்டிப் பிடிக்கிற இடமே அவற்றில் கிடையாது. எண்ணெய் வண்டிப் பாட்டு, சந்தைப் பாட்டு, மாமியார் பாட்டு. சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் அந்த ஓட்டத்தில் தெரியாது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஜனங்களுக்கு அவை பிடித்துப்போயின. கை தட்டினார்கள், திரும்பப் பாடச் சொன்னார்கள். முன்னைவிட அதிகமான ஊர்களிலிருந்து ஆள் வந்தது. பழைய பத்தில் மங்களம் ஒன்றுதான் பட்டியலில் மிச்சம். அதையும் நான் பெட்டியைப் பலமாக வாசித்து மூடிவிடுவேன்.

அவருக்கோ அந்தப் பாட்டுகளில் கொஞ்சமும் மதிப்பில்லை. "இதெல்லாம் சந்தையில மருந்து விக்கிறவன் பாடறது" என்பார். ஜனங்கள் கை தட்டத் தட்ட அவர் முகம் இறுகும். நல்ல பாட்டையெல்லாம் வேண்டாம் என்றவர்கள் இவர்கள்தானே என்ற எண்ணம். மேடையிலேயே சொல்ல ஆரம்பித்தார்: "நல்லது பாடினா உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால சந்தைப் பாட்டே கேளுங்க." ஜனங்கள் அதை வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். வீட்டில் படுத்துக்கொண்டு, "ஜனங்க ருசி கெட்டுப்போச்சு" என்று உத்திரத்தைப் பார்த்துச் சொல்வார். அந்த ஜனங்களோடுதான் அவர் குழியில் நின்றிருந்தார், அவர்களுக்காகத்தான் பாட்டுக் கட்டினார். அவர்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. அவர்களை அவர் வெறுக்கும்படி செய்தது என் வாய். அதை அறிந்தும், இனி எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் அடுத்த பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்படி ஆறு வருஷம்.

நாட்றம்பள்ளியில் ஒரு கலியாணம். பகல் சாப்பாடு முடிந்து பந்தலில் பாடிக்கொண்டிருந்தோம். மாமியார் பாட்டு முடிந்து ஜனங்கள் சிரித்து ஓய்ந்தபோது, பெண் வீட்டைச் சேர்ந்த ஒரு அம்மாள் எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"ஐயா, ரொம்ப வருஷத்துக்கு முன்னால வாணியம்பாடியில நீங்க வெள்ளப் பாட்டு பாடினீங்க. அதை ஒரு தடவை பாடணும். என் ரெண்டு புள்ளைங்களும் அந்தத் தண்ணியில போனவங்க."

பக்கத்தில் நின்று சொன்னதால் அவருக்கு நன்றாகக் கேட்டது. அவர் நேராகவே பதில் சொன்னார்: "உங்க பக்கத்து ஜனங்கதானேம்மா அந்தப் பாட்டே வேணாம்னு சொன்னது?"

"யாருங்க சொன்னது? நாங்க யாரும் சொல்லலியே. எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதைப் பாடுவீங்கன்னுதான் காத்துட்டிருந்தேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "வேணாங்க. நேரமாச்சு" என்றேன். அவர் என்னையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மிருதங்கக்காரருக்குத் தாளம் காட்டிவிட்டு ஆரம்பித்துவிட்டார்.

முதல் பிள்ளையின் பேர் வரைக்கும் எப்படியோ வந்தது. இரண்டாவது பேரில் குரல் விலகியது. நான் அவர் குரலைத் துரத்திக்கொண்டு கட்டை மாற்றி மாற்றி அழுத்தினேன். அவர் குரல் இரண்டு கட்டைக்கும் நடுவே எங்கேயோ இருந்தது. பெட்டியில் அந்த இடத்துக்குக் கட்டை கிடையாது. மூன்றாவது பேருக்கு மேலே ஏறியபோது பந்தலில் சில இளவட்டங்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். என் விரல்கள் தாமாகவே கட்டைகளை விட்டு எழுந்தன.

அதுதான் தப்பாயிற்று. பெட்டி நின்றது அவருக்குக் கேட்டதோ இல்லையோ, என் கைகள் மடியில் கிடந்ததை அவர் பார்த்தார். பாடிக்கொண்டே பந்தலைப் பார்த்தார். ஒருவர் கண்ணும் அவரைச் சந்திக்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் நின்ற இடத்திலேயே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சுருதி பற்றி என்ன? நாலாவது பேரை அவர் பாடவில்லை. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மிருதங்கம் இரண்டு ஆவர்த்தம் தனியாக ஓடி நின்றது.

ஸ்டேஷனுக்கு மாட்டுவண்டியில் திரும்பினோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.  பாதி வழியில் அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எத்தனை வருஷமா?"

"காய்ச்சல் வந்ததுலேருந்து."

"லாங் பஜார்காரன் இன்னா சொன்னான்?"

"பெட்டியில கோளாறு இல்லேன்னான்."

"தோணிப் பாட்டு?"

"நான்தான் எடுத்தேன்."

"விடியலு?"

"அதுவும்."

ஒவ்வொரு பாட்டாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னேன். மிருதங்கக்காரர் வண்டியின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் கேட்டு முடித்ததும், "ஜனங்க யாரும் ஒண்ணும் சொல்லல. அப்படித்தானே?" என்றார்.

"ஆமாங்க."

"ஆறு வருஷமா அவங்களைத் திட்டிட்டு இருந்திருக்கேன்."

 அடித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடு நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடுத்த கச்சேரிக்குத் துள்ளல் பாட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பழைய பத்தையும் பழைய வரிசையில் எழுதச் சொன்னார். மேடையில் ஏறியதும் கை கூப்பி நின்று, "எனக்குக் காது போயிடுச்சு. சுருதி விலகும். விலகினா பொறுத்துக்கணும். மறைக்கக்கூடாதுன்னு சொல்றேன்" என்றார்.  உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். ரொம்பவும் பொறுத்துக்கொண்டார்கள். பாடும்போது பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சின்னக் குழந்தையிடம் பேசுவதுபோல உரக்கப் பேசினார்கள். எந்த டாக்டரைப் பார்க்கலாம், எந்த எண்ணெயை விடலாம் என்று சொன்னார்கள். பாட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

ஐந்தாறு இடங்களில் இப்படி நடந்தது. கடைசியாகக் காட்பாடியில் அறுப்பின் பண்டிகை. கூப்பிடு பாட்டுக்கு எழுந்து பின்னால் போனார். அவர் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் இரண்டு பேர் ஓடிவந்து, வழி தெரியாதவரைப் பிடிப்பதுபோல ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் கண் நன்றாகத்தான் இருந்தது. கால் நன்றாகத்தான் இருந்தது. அவர்கள் நல்ல மனசோடு செய்ததை அவரால் உதறவும் முடியவில்லை. பிடித்த பிடியிலேயே மேடை வரைக்கும் வந்தார். பாடவில்லை. உட்கார்ந்து, என்னைப் பார்த்து, "மங்களம் வாசிச்சிடு" என்றார். நான் தனியாக வாசித்தேன்.

அதுதான் கடைசி. பிறகு ஆள் வந்தபோதெல்லாம், உடம்பு சரியில்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். மிருதங்கக்காரர் மட்டும் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். பேச்சு கம்மி.

இது நடந்து பல வருஷம் ஆகிறது. அவர் இப்போது தோல்ஷாப்பில், பதனிடுவதற்கான ஆவாரம்பட்டை இறக்குகிற இடத்தில் மேஸ்திரி. வண்டி வருவதும் போவதும் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், காது வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் நான்தான் ஆர்மோனியம் வாசிக்கிறேன். அவர் ஆண்கள் வரிசையில் முன்னால் உட்கார்ந்து, பக்கத்திலிருப்பவர் கையிலுள்ள புத்தகத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வார். வாயைத் திறப்பதில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்பார், "இன்னிக்கு எந்தெந்தப் பாட்டு?"

நான் வரிசையாகச் சொல்வேன். பக்கத்தவர் புத்தகத்தில் பார்த்து அவருக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று எனக்கும் தெரியும். ஒரு எழுத்து பிசகாமல் சொல்லப் பார்க்கிறேன்.

"எப்படிப் பாடினாங்க?"

"ரெண்டாவது பாட்டுல பொம்பளைங்க பக்கம் கொஞ்சம் இறங்கிடுச்சு. மத்ததெல்லாம் சரியா இருந்துச்சுங்க."

அவர் தலையை ஆட்டிக்கொள்வார். நம்புகிறாரா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதில்லை. இதற்குமேல் அதை எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை.